மாங்குளம் சந்தியில் இறங்குபவர்களுக்கு

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் போய்வருபவர்களில் பெரும்பாலானோருக்கு மாங்குளம் என்பது பஸ் யன்னலுக்குள்ளால் தெரிகிற ஒரு சந்தி. சாரதி ரீ குடிக்க நிறுத்தினால் பத்து நிமிடம் கிடைக்கும். நிறுத்தாவிட்டால் பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் காடு வந்துவிடும்.

இந்த ஊருக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள் என்று நான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே விரிந்து கிடக்கிற வன்னிப் பெருநிலத்தின் நாலு பக்கமும் வந்து சேர்கிற இடம் இது. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மீன்பெட்டியோடு வருபவர், மல்லாவியில் விதைப்பை முடித்துவிட்டு உரக்கடைக்கு வெளிக்கிட்டவர், கிளிநொச்சியில் கிளினிக்குக்குப் போகிற அம்மா, வவுனியாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளை, இவர்கள் எல்லாரும் பஸ் மாறுவது இந்தச் சந்தியில்தான். கடை வாங்குப் பலகையில் இரண்டு மணித்தியாலம் இருந்தால் வன்னி உங்களைக் கடந்து போவதைப் பார்க்கலாம். வடமாகாணத்தின் நடுவில் இருக்கிறபடியால், மாகாணத் தலைநகரை இங்கே கொண்டுவர வேண்டும் என்ற பேச்சுக்கூட இடையிடையே எழும்பும்.

முதன்முறை வருபவர்களுக்காக, வெளிக்கிடுவதிலிருந்து திரும்ப ஏறுவது வரை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

எப்போது வருவது

தை தொடங்கிப் பங்குனி வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், வயல்களில் காலபோக வெட்டு, அதாவது மாரிமழைக்கு விதைத்த நெல்லின் அறுவடை நடக்கும். வெட்டு முடிந்த கையோடு வீதியோரத்தில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாதப் பாடு.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையான ஏ-9 வீதியில் பெரிதாகப் பிரச்சினை வராது, ஆனால் உள்வீதிகளில் வெள்ளம் குறுக்கே பாயும். ஆடி, ஆவணியில் அனல் காற்றும் புழுதியும். அந்த மாதங்களில் வந்தால் காலை பத்து மணிக்குள் வெளிவேலைகளை முடித்துவிடுங்கள். வைகாசி, ஆனியில் வெயில் கொளுத்தினாலும் அப்போதுதான் பாலைப்பழம் கிடைக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கையில் சில்லறைத் தாளாகக் காசு வைத்திருங்கள். ஊரில் வங்கியும் காசு எடுக்கிற இயந்திரமும் இருக்கின்றன, ஆனால் ஒரு ரீக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் ஓட வேண்டிவரும். தொப்பி அல்லது குடை, ஒரு போத்தல் தண்ணீர், கோயிலுக்கும் போவதால் முழங்காலை மூடுகிற உடுப்பு. இவ்வளவும் போதும். வன்னியின் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். பழக்கமில்லாதவர்கள் போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிப்பது நல்லது.

வந்து சேர்வது

மாங்குளம் வவுனியாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர், கிளிநொச்சியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

பஸ்தான் சுலபம். கொழும்பு–யாழ்ப்பாணம் 87 ஆம் இலக்க பஸ்கள் இந்த வழியால்தான் போகின்றன. ஆனால் தூரப்பயண பஸ்ஸில் ஏறும்போது நடத்துனரிடம் இரண்டு விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, மாங்குளத்தில் இறக்குவீர்களா. மற்றது, ரிக்கற் எந்த இடத்துக்குப் போடுவீர்கள். சில பஸ்களில் இடையில் இறங்கினாலும் முழுத் தூரத்துக்கும் காசு எடுப்பார்கள். வவுனியா வரை ஒன்றில் வந்து, அங்கிருந்து கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸில் ஏறினால் இந்தக் கரைச்சல் இல்லை. அதோடு இந்த உள்ளூர் பஸ்ஸில்தான் ஊர்க்கதை காதில் விழும். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஒவ்வொரு இடமாக நின்று ஏற்றி இறக்கிக்கொண்டு வரும்.

ரயிலிலும் வரலாம். 1990 இல் போரால் நின்றுபோன வடபகுதி ரயில் சேவை ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை மறுபடி ஓடியது 2013 செப்ரெம்பரில். அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. இருபத்துமூன்று ஆண்டுகள் ரயில் காணாத ஊர் இது. முதல் ரயில் வந்த காலத்தில் பிள்ளைகள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று கை காட்டுவார்கள், அந்தக் கூட்டத்தில் பெரியவர்களும் நிற்பார்கள். வேக ரயில்கள் எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை. ஆகவே ரிக்கற் எடுக்கும்போதே மாங்குளத்தில் நிற்குமா என்று கேட்டுவிடுங்கள். நிலையத்திலிருந்து சந்தி தூரமில்லை. பொதி இருந்தால் ஓட்டோ பிடியுங்கள், ஏற முதலே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

சொந்த வாகனத்தில் வருபவர்களுக்கு ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இரவில் இந்த வீதியில் ஓடாதீர்கள். ஏ-9 இப்போது அகலமான, நேரான, நல்ல வீதி. அந்த நேரான வீதியே ஆளை ஏமாற்றும். கட்டாக்காலி மாடுகள் பொழுதுபட்டால் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு, கறுத்த தார், எதிரே வருகிற லொறியின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் மாடு தெரியாது. நான் ஒருமுறை கனகராயன்குளம் தாண்டி ஒரு வானின் முன்சீற்றில் இருந்தேன். சாரதி பிறேக் அடித்து நின்றபோது முன்கண்ணாடிக்கு நேரே ஒரு மாடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூச்சுக்காற்று கண்ணாடியில் படர்ந்தது. அது விலகிப் போகும்வரை வானுக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. அன்றிலிருந்து ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிடுகிற எந்தப் பயணத்துக்கும் நான் சம்மதிப்பதில்லை. சனநெருக்கமுள்ள இடங்களில் 50, வெளியில் 70 என்ற வேக எல்லையையும் மதியுங்கள். பொலிஸ் அடிக்கடி நிற்கும்.

சந்தியில் இறங்கியதும்

முதல் வேலை, திசையைப் பிடிப்பது. ஏ-9 வடக்குத் தெற்காக ஓடுகிறது. கிழக்கே பிரிவது ஏ-34, முல்லைத்தீவு வீதி, 50 கிலோமீற்றருக்குள் கடல். மேற்கே பிரிவது மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் போய், கடைசியில் வெள்ளாங்குளத்தில் மன்னார்–பூநகரி வீதியைத் தொடும். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் வவுனியா போகிற பஸ்ஸும் வீதியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். சந்தி நாலு பக்கமும் ஒரே மாதிரித் தெரிவதால் புதியவர்கள் இதில் தடுமாறுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். “அண்ணை, முல்லைத்தீவு பஸ் எதிலை நிக்கும்?” என்றால் நீங்கள் கேட்ட ஆள் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற மூன்று பேரும் சேர்ந்து பதில் சொல்வார்கள்.

இரண்டாவது வேலை இதைவிட முக்கியம். நீங்கள் போக நினைக்கிற பக்கத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கிய உடனேயே கேளுங்கள். ஏ-9 இல் பஸ் வந்துகொண்டே இருக்கும். கிளைவீதிகளில் அப்படியல்ல. இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு பின்னேரம் சந்தியில் இறங்கி, முல்லைத்தீவுக்கு இனி எத்தனையோ பஸ் இருக்கும் என்ற நினைப்பில் ஆறுதலாக ரீ குடித்தேன், வடை சாப்பிட்டேன், போனில் கதைத்தேன். வீதிக்கு வந்து நின்றபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கடைக்கார அம்மா வெளியே வந்து பார்த்து, “தம்பி, நீங்கள் ரீ குடிச்ச நேரம்தான் கடைசி பஸ் போனது. கேட்டிருக்கலாமே” என்றார். பிறகு அவரே வீதிக்கு இறங்கி, ஒட்டுசுட்டானுக்குத் தகரம் ஏற்றிக்கொண்டு போன ஒரு ‘பட்டா’ சின்ன லொறியை மறித்து, “இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விடு” என்று ஏற்றிவிட்டார். தகரம் வழிநெடுக அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சாப்பாடு

காலையில் வந்தால் இடியப்பம், புட்டு, தோசை. இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் கேட்காமலே வரும். மத்தியானம் சோறு. மீனா, கோழியா, மரக்கறியா என்று கேட்பார்கள். என் வாக்கு மீனுக்குத்தான், அதிலும் கடல்மீனைவிடக் குளத்து மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். வன்னிக் குளத்து விரால் புளிவிட்டு வைத்த குழம்பாகக் கிடைத்தால் அன்றைய பயணம் அதற்கே சரி. குளத்து மீனுக்கு முள் கூட, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது விரலால் பிசைந்து பார்த்துக் கொடுங்கள். இரவென்றால் கொத்துரொட்டிச் சத்தம் சந்தி முழுக்கக் கேட்கும்.

ரீக்கடையில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் இதில் குழம்புவார்கள். நீங்கள் ரீ மட்டும்தான் கேட்டிருப்பீர்கள், ஆனால் ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பணிஸ் என்று மேசையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். சாப்பிட்டதை மட்டும் எண்ணிச் சொன்னால் போதும். தட்டில் மிச்சமிருப்பது அடுத்த மேசைக்குப் போகும், ஆகவே எடுக்காததைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ‘பிளேன்ரீ’ என்றால் பால் இல்லாதது, ‘பால்ரீ’ என்றால் பால்மா கரைத்தது. சீனி குறைவாக வேண்டுமென்றால் போட முதலே சொல்லுங்கள். போட்ட பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை.

கழிப்பறை தேவைப்பட்டால் சாப்பிடுகிற கடையிலேயே கேட்பது நல்லது. பெண்கள் தனியாக வந்தால் ஆட்கள் கூடிய, பெண்கள் வேலை செய்கிற கடையாகப் பார்த்து இறங்குங்கள். இந்த வீதியில் அப்படியான கடைகள் நிறைய இருக்கின்றன.

வேட்டை இறைச்சி இருக்கிறது என்று யாராவது காதுக்குள் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மானும் மரையும் சட்டத்தால் காக்கப்பட்ட விலங்குகள். வாங்குகிறவரும் குற்றவாளிதான். சட்டத்தை விடுங்கள், இந்தக் காட்டில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

பாலைப்பழத்துக்கு வருகிறேன். மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னதாக, வீதியோரத்தில் பேணிக் கணக்கில் விற்பார்கள். இனிப்பு என்றால் அப்படியொரு இனிப்பு. ஆனால் அதில் பால் இருக்கிறது. பத்துப் பழத்துக்கு மேல் போனால் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் துடைக்க வேண்டும். பழத்தை வாங்குகிற இடத்திலேயே எண்ணெயும் கேளுங்கள், சிரித்துக்கொண்டு தருவார்கள். பாலை மரம் வளரப் பல பத்தாண்டுகள் எடுக்கும், பழத்துக்காகக் கொப்பை முறித்துக் கொண்டுவந்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கிழக்கே ஒரு பயணம்

கையில் நாலைந்து மணித்தியாலம் இருந்தால் ஏ-34 இல் ஒட்டுசுட்டான் வரை போய் வாருங்கள். இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. கரிப்பட்டமுறிப்பு என்ற ஊரைக் கடந்து போவீர்கள். இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் குளம், மடு, மோட்டை, முறிப்பு என்றுதான் முடியும். எல்லாமே தண்ணீர் நின்ற, அல்லது கட்டு உடைந்து தண்ணீர் போன இடங்களின் பெயர்கள். பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போனால் வன்னியின் பழைய நீர்ப்பாசன வரைபடம் கைக்கு வந்துவிடும்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். குரக்கன் அறுத்த பிறகு மிஞ்சிய அடித்தாளை, அதாவது ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது, அதனால்தான் ஊருக்கும் இந்தப் பெயர் என்று ஊரார் சொல்வார்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் கற்சிலைமடு. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் ஆங்கிலேயப் படை தோற்கடித்த இடம் இது. வெள்ளையர் தங்கள் வெற்றிக்கு நட்ட நினைவுக்கல்லைத்தான், நாங்கள் பண்டாரவன்னியனை நினைக்கப் போய்ப் பார்க்கிறோம். கல் சின்னது. பெரிதாக எதையாவது எதிர்பார்த்துப் போகாதீர்கள். நிழலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

வைகாசியில் வந்தால் இந்த வீதி வேறு மாதிரி இருக்கும். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு நாலா திசையிலிருந்தும் சனம் போகும், பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. பொங்கலுக்காகவே வருபவர்கள் தவிர மற்றவர்கள் அந்த இரண்டு மூன்று நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

இந்த வீதியின் இரு பக்கமும் காடு. யானை வரும். பொழுதுபட முதல் மாங்குளத்துக்குத் திரும்பிவிடுங்கள். யானையைக் கண்டால் இறங்கிப் படம் எடுக்காதீர்கள், கோர்ன் அடிக்காதீர்கள், தூரத்திலேயே நிறுத்தி அது கடக்கும்வரை பொறுங்கள். காட்டுக்குள் இறங்கி நடப்பதும் வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் பல ஆண்டுகளாக நடக்கிறது, ஆனாலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் அதைத் தாண்டி ஓர் அடிகூட வைக்காதீர்கள். வீதியோரத்தில் ‘அவசரத்துக்கு’ ஒதுங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மேற்கே மல்லாவி வழியாகப் போனால் வவுனிக்குளம். பாலியாற்றை மறித்துக் கட்டிய பழைய குளம், அணைக்கட்டில் நின்றால் நல்ல காற்று. நேரம் இருந்தால் போங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஓடாதீர்கள்.

ஆட்களோடு கதைக்கும்போது

இதை எழுதத்தான் எனக்குக் கூடுதல் நேரம் எடுத்தது.

மாங்குளம் சந்தியில் இன்று காண்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை 2009 க்குப் பிறகு எழும்பியவை. 1990 இலும், 1999 இலும், 2008 இலும் இந்த ஊருக்காகச் சண்டை நடந்தது. 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் இந்த வீதியால் தலைச்சுமையோடு நடந்தது. 2002 இல் பாதை திறந்தது, 2006 இல் மறுபடி பூட்டியது. உங்களுக்கு ரீ ஊற்றித் தருகிறவர் இவ்வளவுக்குள்ளாலும் வந்தவராக இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நண்பரோடு போயிருந்தேன். நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார், “அம்மா, சண்டையிலை உங்கடை ஆக்கள் ஆரும்…?” அந்த அம்மா கையில் இருந்த கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்த கிளாஸையே இன்னும் இரண்டு முறை சுற்றித் துடைத்தார். “ரீயைக் குடியுங்கோ தம்பி, ஆறுது” என்றார். அதன் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே, நீங்களாகக் கேட்காதீர்கள். மழை எப்படி, நெல்லு என்ன விலை போகிறது, பிள்ளை எத்தனையாம் வகுப்பு, இதைக் கேளுங்கள். இருந்து கதைக்கிறவர்கள் தாங்களாகவே சொல்லத் தொடங்கினால் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். முடிந்ததும் ஆறுதல் வார்த்தை தேடி அலைய வேண்டாம், இன்னொரு ரீ சொல்லுங்கள். அனுமதி கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். படையினர் முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

முறிகண்டியில் நிற்பது

மாங்குளத்திலிருந்து வடக்கே இருபது கிலோமீற்றர் அளவில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில். இடையில் கொக்காவில் தொலைக்காட்சிக் கோபுரம் தெரியும். 174 மீற்றர் உயரம், போரில் அழிந்து 2011 இல் மறுபடி திறந்தது. கோபுரம் கண்ணில் பட்டால் செருப்பைத் தேடிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையார் கிட்டத்தான்.

கோயில் சின்னது. ஆனால் இந்த வீதியால் போகிற பஸ், லொறி, வான், மோட்டார் சைக்கிள் எல்லாமே இங்கே நிற்கும். நிற்க நேரமில்லாத சாரதிகூட வேகத்தைக் குறைத்து, ஒரு கையை நெஞ்சில் வைத்துவிட்டுத்தான் போவார். தெற்கிலிருந்து வருகிற சிங்கள யாத்திரிகர்களும் இறங்கிக் கும்பிடுவார்கள். ரயிலில் போகிறவர்களுக்கும் முறிகண்டி என்று ஒரு தரிப்பிடம் இருக்கிறது.

பஸ் நின்றதும் இப்படிச் செய்யுங்கள். நடத்துனரிடம் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பத்து, பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். இறங்கும்போது பஸ்ஸின் இலக்கத்தகட்டில் கடைசி நாலு எண்ணை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே நிறத்தில் நாலு பஸ் வரிசையாக நிற்கும். பக்கத்து ஆசனக்காரரிடமும் ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்குங்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவி, வேண்டுமானால் தேங்காயும் கற்பூரமும் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய் உடைக்க என்று ஒதுக்கிய இடத்தில்தான் உடைக்க வேண்டும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஓங்கி ஒரே அடி. சிரட்டைத் துண்டு காலில் குத்தும், நிலத்தைப் பார்த்து நடவுங்கள். விபூதி பூசி, உண்டியலில் போடுவதைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தால் மிச்ச நேரம் கச்சானுக்கு.

கச்சான் என்றால் வேர்க்கடலை. முறிகண்டிக் கச்சான் என்றால் வடக்கில் தெரியாதவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குக் கொழும்பிலிருந்து வெறுங்கையோடு போனால் பொறுத்துக்கொள்வார்கள், இந்தப் பை இல்லாமல் போனால் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று வறுப்பதைப் பாருங்கள். பெரிய தாச்சியில் மணல், கீழே விறகு. மணல் நன்றாகச் சூடேறின பிறகு கோதோடு கச்சானைக் கொட்டி, நீளக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருப்பார்கள். தொடக்கத்தில் சரசரவென்று ஈரச்சத்தம். போகப்போகச் சத்தம் காய்ந்து, கலகலவென்று மாறும். வறுக்கிற அக்காவுக்குக் கண் தேவையில்லை, அந்தச் சத்தம் மாறுகிற கணத்திலேயே அள்ளி அரிதட்டில் போட்டுவிடுவார். மணல் கீழே கொட்ட, கச்சான் மேலே நிற்கும். அரை நிமிடம் பிந்தினால் உள்பருப்பு கறுத்துக் கசக்கும்.

வாங்கும்போது சூடாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், பழைய கச்சானையும் திரும்பச் சூடாக்கலாம். ஒன்றைக் காதோரம் குலுக்கிப் பாருங்கள். பருப்பு கோதுக்குள் ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும். உடைத்துத் தோலை விரலால் தேய்த்தால் உடனே கழன்றுவர வேண்டும். ருசி பார்க்கத் தருவார்கள், கேட்கத் தயங்காதீர்கள். சுண்டு என்கிற அளவுப் பேணியால் அளந்து பையில் போடும்போது மேலே ஒரு கை கொசுறும் விழும். விலையை இழுத்துப் பேச வேண்டாம். நாள் முழுக்க அடுப்பின் முன்னால் நிற்கிற கைகள் அவை. கச்சான் அல்வாவும் பனங்கட்டி, புழுக்கொடியல் போன்றவையும் பக்கத்தில் இருக்கும். தேன் போத்தல் மட்டும் தெரிந்த ஆள் மூலம் வாங்குங்கள், சீனிப்பாகு கலந்ததும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

இரவு தங்க வேண்டி வந்தால்

மாங்குளத்தில் தங்குமிடங்கள் குறைவு. முதலே பேசி ஒழுங்கு செய்யாமல் வந்தால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போவதுதான் நல்லது. உடம்புக்கு ஏதாவது என்றால் மாங்குளத்திலேயே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், பொலிசுக்கு 119. நாலு வீதி சந்திக்கிற இடம் என்பதால் இடம் சொல்வது சுலபம். மாங்குளம் சந்தியிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொன்னால் போதும்.

நாளைத் திட்டமிட என் ஒழுங்கைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குள் மாங்குளத்தில் இறங்கி இடியப்பம், ஒன்பது மணிக்கு ஒட்டுசுட்டான் பஸ், மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து மீன்குழம்போடு சோறு, ஒரு மணித்தியாலம் கடை வாங்கில் இருந்து சந்தியைப் பார்ப்பது, மூன்றரை மணிக்கு வடக்கே போகிற பஸ், முறிகண்டியில் பிள்ளையார், இருட்ட முதல் கிளிநொச்சி.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் கச்சான் பையின் வாயைச் சுருட்டி மூடிவிடாதீர்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கோது இளகிப் போகும். வாயைத் திறந்தபடி மடியில் வைத்திருங்கள், கிளிநொச்சி வரும்போது ஆறியிருக்கும், அப்போது மூடலாம்.